பையில் ஒரு படகு: பல நாள் பேக்ராஃப்ட் பயணத்துக்கு மூட்டை கட்டுவது எப்படி?

ஒரு படகை மடித்து, முதுகுப் பையில் போட்டு, மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஆற்றங்கரையில் விரித்துக் காற்றடித்து உட்கார்ந்து போக முடியுமா? முடியும். அதுக்குப் பேர்தான் பேக்ராஃப்ட். பார்க்க ரப்பர் படகு மாதிரி இருந்தாலும் குழந்தைகள் நீச்சல் குளத்தில் விளையாடும் பிளாஸ்டிக் படகு இல்லை இது. உறுதியான நைலான் துணியில் காற்றும் நீரும் புகாத பூச்சு கொடுத்துச் செய்வது. எடை ஏறத்தாழ 2 முதல் 4 கிலோ. மடித்தால் ஒரு சின்னத் தலையணை அளவு.

இது அலாஸ்காவில் வளர்ந்த கலை. அங்கே காட்டுக்குள் பாலம் கிடையாது, ஆறுகளோ ஏராளம். 1982-இல் அலாஸ்காவில் முதன்முறையாக நடந்த நெடுந்தூரக் காட்டுப் பந்தயத்தில், 55 வயதான டிக் கிரிஃபித் தன் பையிலிருந்து சின்ன ரப்பர் படகை எடுத்து விரித்து ஆற்றைக் கடந்தார். அவரைவிட வயதில் மிகவும் இளையவர்கள் கரையிலேயே நின்று பார்த்தார்கள். பந்தய வீரர்கள் நடுவில் பேக்ராஃப்ட் பேசுபொருளானது அன்றைக்குத்தான். இன்றைய நவீன பேக்ராஃப்டுக்கு வடிவம் கொடுத்ததும் ஓர் அலாஸ்கா தாய்தான். ஷெரி டிங்கி என்பவர் 2000-ஆம் ஆண்டு வாக்கில், காட்டுப் பயணம் போகும் தன் மகனுக்காகத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து தொடங்கிய வேலை அது.

இப்போது இந்தியாவிலும் இமயமலை ஆறுகளில் இந்தப் படகைப் பார்க்க முடிகிறது. நம் ஊரிலிருந்தும் மலையேற்றம் போகிறவர்கள், "அடுத்து இதைச் செய்யலாமா?" என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் மூட்டை கட்டும்போது பலரும் மலையேற்றப் பழக்கத்திலேயே கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. மலையில் பை உங்கள் முதுகை விட்டுப் போகாது. ஆற்றில் படகு கவிழ்ந்தால் பையும் படகும் சேர்ந்து உங்களை விட்டுப் போய்விடும். அதனால் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "படகு என்னை விட்டுப் போனால், இது என்னிடம் இருக்குமா?"

வெறும் பட்டியலாகச் சொன்னால் புரியாது. அதனால் உதாரணத்துக்கு ஓர் ஆற்றை எடுத்துக்கொள்வோம்: லடாக்கில் உள்ள ஜன்ஸ்கார்.

ஏன் ஜன்ஸ்கார்?

குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் நடக்கும் 'சாதர்' பயணம் பற்றி யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அதே ஆறுதான். கோடையில், குறிப்பாக ஜூலை, ஆகஸ்டில், அது பனி உருகிய சாம்பல் நிறத் தண்ணீராகப் பாய்கிறது. பதும் என்ற ஊரின் அருகே இரண்டு ஆறுகள் கூடி ஜன்ஸ்கார் ஆகின்றன. அங்கிருந்து செங்குத்தான மலை இடுக்கு வழியாகப் போய், லே அருகே நிம்முவில் சிந்து நதியில் கலக்கிறது. படகில் போனால் பல நாள் பயணம். இரவில் கரையில் டென்ட். இப்போது பள்ளத்தாக்கை ஒட்டிச் சாலை போட்டுவிட்டார்கள் என்றாலும், நீங்கள் ஆற்றில் இருக்கும்போது நினைத்த இடத்தில் மேலே ஏறிச் சாலைக்குப் போய்விட முடியாது. பாறைச் சுவர் விடாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜன்ஸ்கார் முதல்முறை துடுப்புப் பிடிப்பவருக்கான ஆறு இல்லை. வேகமான அலைப் பகுதிகள் உண்டு, தண்ணீர் எலும்பு வரை குளிரும். அமைதியான நீரில் பழகி, கவிழ்ந்த படகில் மறுபடி ஏறக் கற்று, பிறகு அனுபவமுள்ள குழுவோடு, அங்கே பதிவு பெற்ற வழிகாட்டியோடு போக வேண்டிய இடம். தனியாகப் போவது வேண்டவே வேண்டாம். குறைந்தது மூன்று படகாவது இருந்தால்தான் ஒருவர் கவிழ்ந்தால் ஒருவர் ஆளைப் பிடிக்க, இன்னொருவர் படகைப் பிடிக்க முடியும்.

முதலில் உடம்பு, பிறகு பை

குளிர்ந்த நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் எளிமையான ஒரு கணக்கில் சொல்கிறார்: 1–10–1. பனிக்கட்டி போன்ற நீரில் விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, 'ஹக் ஹக்' என்று இழுக்கும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு விரல் மடங்காது. உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? முதல் நிமிடத்தில் உங்களை மிதக்க வைப்பது நீச்சல் திறமை இல்லை, லைஃப் ஜாக்கெட். "எனக்குக் கிணத்துல நல்லா நீந்தத் தெரியும்" என்பது இங்கே செல்லாது.

லைஃப் ஜாக்கெட் ஃபோம் வைத்ததாக இருக்கட்டும். இழுத்தால் காற்று நிரம்பும் வகை, பாறையும் அலையும் உள்ள ஆற்றுக்கு ஏற்றதில்லை. அதற்குள் இருக்கும் வாயுக் குப்பியால் விமானத்தில் கேள்வியும் வரும். அளவு சரியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். எல்லா பட்டையையும் இறுக்கிக்கொண்டு, யாரையாவது தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிசு. இரவல் வாங்கும்போது இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

அந்த ஜாக்கெட்டின் பாக்கெட்டுகள்தான் உங்கள் உண்மையான அவசரகாலப் பை. விசில் தோள்பட்டையில் தொங்கட்டும். ஆற்று இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, விசில் கேட்கும். ஒரு கையால் எடுத்து விரிக்கக்கூடிய சின்னக் கத்தி, கயிறு காலில் சிக்கினால் அறுக்க. நெருப்பு மூட்ட ஒரு வழி, நீர் புகாத சின்ன டப்பாவில். உடம்பைச் சுற்றிக்கொள்ளும் பளபளப்பான அவசரப் போர்வை. மடித்தால் கைக்குட்டை அளவுதான். இரண்டு கடலை மிட்டாய். நீங்கள் தினமும் மாத்திரை எடுப்பவர் என்றால் இரண்டு நாள் மாத்திரை. கடைசியாக மொபைல். மொபைல் பெரிய பையில் இல்லை, உடம்பில். நீர் புகாத உறைக்குள் போட்டு, ஜாக்கெட்டோடு சின்னக் கயிற்றில் கோத்து.

இவ்வளவையும் சேர்த்தால் அரைக் கிலோவைச் சுற்றித்தான் வரும். மற்ற எல்லாம் ஆற்றோடு போனாலும், இந்த அரைக் கிலோ இருந்தால் கரையில் ஓர் இரவைக் கழிக்கலாம்.

உடை விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் நேர் எதிரி. பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, அதற்கு மேல் நீர் புகாத டிரை சூட் அல்லது தடித்த வெட் சூட். டிரை சூட் விலை அதிகம். வாங்க வேண்டியதில்லை, லேயில் வழிகாட்டி நிறுவனங்களிடம் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெயில் அடிக்கிறதே என்று ஏமாற வேண்டாம். உடை எப்போதும் தண்ணீரின் குளிருக்கு, காற்றின் சூட்டுக்கு இல்லை. தலைக்கு ஆற்று ஹெல்மெட். காலுக்கு, நாடா கட்டிய, பிடிப்புள்ள ஷூ. செருப்பும் ஃபிளோட்டரும் முதல் அலையிலேயே ஆற்றுக்குக் காணிக்கை.

படகுக்குள் இருக்கும் அலமாரி

இப்போது பெரிய சாமான்கள். டென்ட், ஸ்லீப்பிங் பேக், பாய், மாற்றுடை, சாப்பாடு. இவற்றை எங்கே வைப்பது?

பழைய முறை, முதுகுப் பையை அப்படியே படகின் மூக்கில் கட்டிவிடுவது. அமைதியான நீருக்கு அது போதும். இப்போதைய பல பேக்ராஃப்டுகளில் பின்பக்கம் காற்றுக் குழாயிலேயே ஒரு நீர்புகா ஜிப் இருக்கும். அதைத் திறந்து, சாமான்களைக் குழாய்க்குள்ளேயே வைத்து, ஜிப்பை மூடி, பிறகு காற்றடிக்கலாம். எடை கீழே, நடுவில் வந்துவிடுவதால் படகு நிலையாக இருக்கும். அலையில் தலைகனத்து ஆடாது. இந்த முறையில் கவனிக்க வேண்டியவை உண்டு.

இடது குழாயில் ஒரு நீண்ட டிரை பேக், வலது குழாயில் ஒன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை. ஒரு பக்கம் பருப்பும் ஸ்டவ்வும், மறுபக்கம் வெறும் துணி என்று வைத்தால் படகு நாள் முழுக்க ஒரு பக்கமே இழுக்கும். உள்ளே இருக்கும் கொக்கிகளில் பைகளை மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உருண்டு போய் முன்னால் கிடக்கும். டிரை பேக்கை முழுதாக ஊதிக்கட்டி வைக்காதீர்கள். காற்றைப் பிதுக்கி எடுத்து, வாயை மூன்று நான்கு சுற்று சுருட்டிக் கொக்கி போடுங்கள். கூர்மையான எதையும், டென்ட் முளைகள், ஸ்டவ்வின் கால்கள் உட்பட, துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். உள்ளிருந்து குத்தினாலும் ஓட்டை ஓட்டைதான்.

ஜிப்தான் இந்தப் படகின் உயிர்நாடி. அதில் ஒரு மணல் துகள் இருந்தாலும் காற்று மெல்ல இறங்கும். மூடும் முன் பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, அதோடு வரும் மசகு தடவி மூடுங்கள். இன்னொன்று முக்கியம்: பகலில் இதைத் திறக்க முடியாது. திறந்தால் காற்று முழுவதும் போய்விடும், மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ஆகவே மதியச் சாப்பாடு, முதலுதவி, ஓட்டை அடைக்கும் சாமான், தண்ணீர் பாட்டில், குளிர் ஜாக்கெட் ஆகியவை குழாய்க்கு வெளியே, படகின் உட்புறத்தில் கட்டிய ஒரு சின்ன டிரை பேக்கில் இருக்கட்டும்.

கட்டும்போது தொங்கும் கயிறு, திறந்த வளையம் எதுவும் இருக்கக் கூடாது. பட்டையின் வாலைக்கூட மடித்துச் செருகுங்கள். கவிழ்ந்தபோது காலோ கையோ அதில் மாட்டினால், படகு உங்களை இழுத்துக்கொண்டே போகும். அதே காரணத்துக்காக "படகு போயிடக் கூடாதே" என்று உங்களைப் படகோடு கட்டிக்கொள்வதும் கூடவே கூடாது. கைக்கு எட்டும் இடத்தில் த்ரோ பேக் இருக்க வேண்டும். அது, நீண்ட மிதக்கும் கயிறு அடைத்த பை. கரையில் நிற்பவர் நீரில் இருப்பவருக்கு வீசுவதற்கு. அதை எறிந்து பழகாமல் எடுத்துப் போவது, ஓட்டத் தெரியாதவர் பாக்கெட்டில் வண்டிச் சாவி வைத்திருப்பது போலத்தான்.

காற்றடிக்கப் பம்பு தேவையில்லை. படகோடு ஒரு மெல்லிய நைலான் பை வரும். வாயைக் காற்றில் விரித்துப் பிடித்து மூடி அழுத்தினால் காற்று படகுக்குள் போகும். கடைசியில் வாயால் ஊதி இறுக்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் முதல்முறை குழம்புவது இங்கேதான்: கரையில் கல் மாதிரி இறுக்கமாக இருந்த படகு, தண்ணீரில் விட்டதும் தொளதொளவென்று ஆகிவிடும். "ஓட்டையா?" என்று பயப்பட வேண்டாம். குளிர்ந்த நீர் பட்டு உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். நீரில் இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி ஊதி இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள். மதியம் வெயிலில் கரையேற்றி வைக்கும்போது இதற்கு நேர் எதிர். காற்று விரியும், கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.

ஒரே கூடையில் எல்லா முட்டையும்...

குழுவாகப் போகும்போது சாமான்களைப் பிரிப்பதில் வழக்கமான பிழை ஒன்று உண்டு. சமையல் சாமான் எல்லாம் ஒருவர் படகில், டென்ட் எல்லாம் இன்னொருவர் படகில், முதலுதவிப் பெட்டி மூன்றாமவரிடம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு படகு போய்விட்டால் எல்லோருக்கும் அன்றிரவு சோறு இல்லை, அல்லது கூரை இல்லை. எனவே ஒவ்வொரு படகிலும் கொஞ்சம் சாப்பாடு, ஒரு சூடான உடை, ஏதாவது ஒரு தங்கும் ஏற்பாடு இருக்கும்படி கலந்து வையுங்கள். ஓட்டை அடைக்கும் டேப் குறைந்தது இரண்டு படகிலாவது இருக்கட்டும். ஈரம் துடைக்க ஸ்பிரிட் துடைப்பான், ஒட்டும் டேப், பெரிய கிழிசலுக்குப் பசை, ஊசி, தடித்த நூல். இவ்வளவு போதும்.

இரவில் போடும் உடைகள் ஒரு செட், அவை ஈரமே காணக் கூடாது. காலையில் நேற்றைய ஈர உடையை மறுபடி மாட்டுவது கொடுமைதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் காய்ந்த செட்டைத் தொடாதீர்கள். ஸ்லீப்பிங் பேக்கையும் அந்த செட்டையும் தடித்த பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பிறகு டிரை பேக்கில் போடுங்கள். இரட்டைப் பாதுகாப்பு இந்த இரண்டுக்கு மட்டும் கட்டாயம்.

சாப்பாடு: அரிசி வேகாது!

லே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதும் அதைவிடக் கொஞ்சம் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் சூடு போதாது. சாதாரணப் பாத்திரத்தில் அரிசியும் துவரம்பருப்பும் வேக எரிபொருள்தான் தீரும். குக்கர் தூக்கிப் போக முடியாது. இங்கே நம் சமையலறை கைகொடுக்கிறது. அவல், வறுத்த ரவை, சேமியா, சத்துமாவு, பொட்டுக்கடலை மாவு. வீட்டில் கிளறிய புளிக்காய்ச்சல் ஒரு டப்பா இருந்தால் ஊறவைத்த அவலே புளியோதரை. பருப்புப் பொடி, கொஞ்சம் நெய், பேரீச்சை, எள்ளுருண்டை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் உலர் உணவு என்று கணக்கு வையுங்கள். அதோடு ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக. ஆறு உங்கள் அட்டவணைப்படி ஓடாது.

தண்ணீர் சுற்றிலும் இருக்கும், ஆனால் ஜன்ஸ்கார் நீர் வண்டல் கலந்தது. நேரடியாக ஃபில்டரில் விட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மடக்கும் பையில் பிடித்து இரவு தெளியவிட்டு, மேலாக எடுத்து வடிகட்டுங்கள். பக்கத்து ஓடைகளில் தெளிந்த நீர் கிடைத்தால் அதையே நிரப்பிக்கொள்ளலாம், அதையும் சுத்திகரித்துத்தான்.

விமான நிலையத்தில் எது போகும், எது போகாது?

சென்னையிலிருந்து லே போக வேண்டுமென்றால் பெரும்பாலும் விமானம்தான். உள்நாட்டுப் பயணத்தில் வழக்கமாக 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. உங்கள் டிக்கெட்டில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். படகு 3.5 கிலோ, நான்கு துண்டாகக் கழற்றும் துடுப்பு 1, லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் 1.3, டிரை சூட்டும் உள்ளுடையும் 2, டென்ட் பங்கு 1.2, ஸ்லீப்பிங் பேக்கும் பாயும் 1.7, கயிறு, முதலுதவி, ஓட்டை அடைக்கும் சாமான் 1.1, ஸ்டவ்வும் பாத்திரமும் 0.6, மாற்றுடை 1, முதுகுப் பை 1.5. கூட்டினால் ஏறத்தாழ 15 கிலோ. ஐந்து நாள் சாப்பாடு 3.5 கிலோவையும் சேர்த்தால் பத்தொன்பதைத் தொடாது. அளவுக்குள் வந்துவிடும், ஆனால் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துக் கிளம்புங்கள்.

சமையல் கேஸ் குப்பி செக்-இன்னிலும் போகாது, கைப்பையிலும் போகாது. லேயில் இறங்கி வாங்குங்கள். தீப்பெட்டியும் லைட்டரும் அப்படியே. கத்தி செக்-இன்னில் மட்டும். பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில் மட்டும். 100 வாட்-ஹவர் வரை அனுமதி என்பதால் 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் (ஏறத்தாழ 74 வாட்-ஹவர்) கொண்டுபோகலாம். ஆனால் அளவு அதன் மேல் படிக்கும்படி அச்சாகியிருக்க வேண்டும்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும், "சிக்னல் இல்லாத இடத்துக்கு சேட்டிலைட் மெசஞ்சர் கட்டாயம்" என்று சொல்வார்கள். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் அண்ணனோ அத்தை மகனோ அன்பாக ஒன்றை வாங்கியும் அனுப்பலாம். எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் சேட்டிலைட் போன், சேட்டிலைட் மெசஞ்சர் போன்ற கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுக்கப்பட்டு வழக்குக்கு ஆளாகியிருக்கிறார்கள். எல்லைப் பகுதியான லடாக்கில் இது இன்னும் தீவிரமாகப் பார்க்கப்படும். அவசரத் தொடர்புக்கு என்ன ஏற்பாடு என்பதை உங்கள் வழிகாட்டி நிறுவனத்திடம் கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

உங்கள் மொபைலையும் தயார் செய்யுங்கள்

வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். சென்னையிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது. பள்ளத்தாக்குக்குள் போஸ்ட்பெய்டும் பெரும்பாலும் கைவிடும். அது வேறு கதை.

டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, போதும் என்று நினைப்போம். விமான நிலையத்தில் போதும். இணையம் இல்லாத இடத்தில் செயலி திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கலாம். அதனால் ஆவணங்களை மொபைலிலேயே பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாள் நகலையும் ஜிப் கவரில் போட்டு ஜாக்கெட் பாக்கெட்டில் வையுங்கள். அந்தத் தாளின் பின்பக்கம் உங்கள் இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் எழுதியிருக்கட்டும்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலி, நீங்கள் இருக்கும் இடத்துக்கு ஏற்ற எச்சரிக்கைகளைத் தரும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 'மௌசம்' செயலியும் இருக்கட்டும். இரண்டையும் லேயில் சிக்னல் இருக்கும்போதே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வரைபடத்தையும் ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள், மொபைல் ஜி.பி.எஸ். சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். அவசர எண் 112. உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவன டவர் எட்டினால் 112 அழைப்பு போக வாய்ப்புண்டு. மற்ற நேரம் ஏரோபிளேன் மோடு. குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், இரவில் மொபைலையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள்.

வீட்டில் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது ஒன்று உண்டு. எந்த ஆறு, எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், யார் யார், படகு என்ன நிறம், வழிகாட்டியின் எண், எந்தத் தேதி எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும். "அம்மா பயந்துக்குவாங்க" என்று மறைக்காதீர்கள். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் அக்காவிடமோ நண்பரிடமோ கொடுங்கள். தேடுதல் எவ்வளவு சீக்கிரம் தொடங்கும் என்பது இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

கரையில் இரவு

லேயில் இறங்கியதும் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. உயரத்துக்கு உடம்பு பழகாமல் ஆற்றுக்குப் போகக் கூடாது. பழகிய பிறகும் ஆற்றில் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். பனி உருகும் ஆறுகளில் வெயில் ஏற ஏற நீர் கூடும். பிற்பகலும் மாலையும் மட்டம் உயரும். எனவே காலையில் சீக்கிரம் கிளம்பி, பிற்பகலிலேயே கரையேறுங்கள். டென்டை ஈர மணல் கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள். காற்றடித்த படகு காலிப் படகு. இரவுக் காற்றில் பட்டம் மாதிரி பறக்கும். மேலே தூக்கி, கவிழ்த்து, பெரிய கல்லோடு கட்டுங்கள். குப்பை எல்லாம் உங்களோடு திரும்ப வரும். அதற்கென்று ஒரு டிரை பேக் தனியாக ஒதுக்குங்கள், அதை மறுபடி சாப்பாட்டுக்கு எடுக்காமல் இருக்க ஏதாவது அடையாளம் போட்டுவிடுங்கள்!

நம் ஊர் ஆற்றில் பழகிக்கொள்ளலாமா?

பலரும் கேட்கும் கேள்வி. காவிரியைப் பார்த்ததும் படகை விரிக்கத் தோன்றும். ஆனால் ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காவிரிக் கரையின் பெரும்பகுதி காப்புக்காடு, காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரின சரணாலயங்களுக்குள் வருகிறது. அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆற்றில் முதலைகளும் உண்டு. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியை மொபைலில் வைத்திருப்பது ஆற்றங்கரையில் இருக்கும் எவருக்கும் பயன்படும். பழகுவதற்கு நீச்சல் குளம்தான் சிறந்தது. நிர்வாகத்திடம் கேட்டு ஒரு மணி நேரம் வாங்குங்கள். முழுச் சாமானையும் ஏற்றி, பயண உடையிலேயே, வேண்டுமென்றே கவிழுங்கள். மறுபடி ஏறிப் பாருங்கள். கரையேறி டிரை பேக்குகளைத் திறந்து எதில் ஈரம் புகுந்திருக்கிறது என்று தடவிப் பாருங்கள். எதை எங்கே வைத்தது தப்பு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பயணம் முடிந்து நிம்முவில் கரையேறியதும் முதல் வேலை, அந்தத் தாளை வைத்திருப்பவருக்கு "வந்துட்டோம்" என்று ஒரு செய்தி. இல்லாவிட்டால் அவர் தேதி பார்த்து, தேடச் சொல்லிவிடுவார். படகு ஈரமாக இருக்கும்போதே மடித்து விமானத்தில் ஏற்ற வேண்டி வரும், தவிர்க்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஜிப்பில் உள்ள மணலை பிரஷ்ஷால் எடுத்து, மொட்டை மாடியில் நேர் வெயில் படாமல் நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். குழாயின் உட்புறமும் காய வேண்டும், ஜிப் திறந்தே இருக்கட்டும். சென்னைப் புழுக்கத்தில் ஈரத்தோடு மடித்து பீரோ மேல் வைத்தால், ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்து மணக்கும்.